பிடியரிசியும் ஒரே பந்தியும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெரும்பாதையில், விஜயவாடாவைக் கடந்து வாரங்கலை அடையுமுன் டோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் நம் காலனிக் குடும்பங்கள் பலவும் ஆண்டுதோறும் இருமுறை அதனைக் கடந்து செல்கின்றன. அதன் பெயர்ப்பலகையை நின்று படித்தவர் மிகச் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிஜாம் அரசின் இருப்புப்பாதை அவ்வழியே போடப்பட்டபோது, சிங்கரேணி நிலக்கரிக்காக அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்தது. அதனால்தான் அக்காட்டூர் உலகிற்குத் தெரிய வந்தது. ஆனால் இந்தியக் கிறிஸ்தவர் வரலாற்றில் அவ்வூர் பெயர் பெற்றதற்குக் காரணம் நிலக்கரி அன்று. திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுச் சிற்றூர்களில், சோறு சமைக்குமுன் பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசியும் அதற்கு ஒரு காரணம்.

யான் வரலாற்றாசிரியன் அல்லேன். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன். மேலும், நம் சங்கம் எல்லாச் சமயத்தாரும் கூடி நடத்துவது. ஆதலின் சமயக் கோட்பாடுகளை இங்கே விரிக்கப் புகவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தார் தம் நம்பிக்கையை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடாமல், அடுப்படியிலும் பந்தியிலும் எவ்வாறு நடத்திக் காட்ட முயன்றனர், அதில் எங்கே வென்றனர், எங்கே இடறினர் என்பதை மட்டும் கூற விழைகின்றேன்.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் மிகச் சிறியது. 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. அவர்களுள் முதன்மையாக விளங்கியவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவையார். அவர் முயற்சியால் 1785-இல் அங்கு ஓர் ஆலயம் எழுந்தது. தொடர்ந்து, தஞ்சையிலிருந்து வந்த சத்தியநாதன் என்னும் தமிழ்க் குருவானவரும், அவர்க்குத் துணையாய் இருந்த தாவீது சுந்தரானந்தமும் தெற்கே சிற்றூர்களில் சபைகளை வளர்த்தனர். புதிதாய்ச் சேர்ந்தோர்க்கு ஊரில் இருக்க இடமில்லை, வீடுகள் இடிக்கப்பட்டன, வேலை மறுக்கப்பட்டது. எனவே 1799-இல் சுந்தரானந்தம் ஒரு நிலத்தை வாங்கி, துரத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றினார். அதுவே முதலூர். முதலாவதாக எழுந்த ஊர் என்பதனால் அப்பெயர் என்பர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அம்மக்கள் ஒருவரோடொருவர் கூடி வாழ்ந்தது முதலில் வேதநூல் ஆராய்ச்சியின் பயனாக நிகழ்ந்ததன்று. வேறு வழியின்மையால் நிகழ்ந்தது. கூரை இழந்தவனுக்குக் கூரை வேண்டும்; கிணறு மறுக்கப்பட்டவனுக்குக் கிணறு வேண்டும். இத்தேவையை உணர்ந்தே, பாளையங்கோட்டையில் 1820 முதல் பணியாற்றிய இரேனியஸ் ஐயர் தருமசங்கம் என்றோர் அமைப்பை ஏற்படுத்தினார். மக்கள் தம்முள் திரட்டிய பணத்தைக்கொண்டு நிலம் வாங்கி, இன்னலுற்றோர்க்கு வீட்டுமனை கொடுப்பது அதன் நோக்கம். வெளிநாட்டுப் பணத்தை மட்டுமே எதிர்பார்த்து அச்சபைகள் வளர்ந்தன என்று எண்ணுவோர் இதனை அறிதல் நலம்.

அவ்வூர்களின் அன்றாட வாழ்வு மணியோசையால் அளக்கப்பட்டது. விடியலில் ஒரு மணி; பொழுது சாய்ந்தபின் ஒரு மணி. பனையேறும் தொழிலாளியும், பதநீர் காய்ச்சி இளைத்த அவன் மனைவியும், பிள்ளைகளும் மாலையில் ஆலயத்தில் கூடுவர். உபதேசியார் ஒரு பகுதியை வாசித்து வினா எழுப்புவார். எழுத்தறியாதார் மனப்பாடமாக விடை பகர்வர். அவரே பள்ளி ஆசிரியர். கடிதம் எழுதிக் கொடுப்பவரும் அவரே. நோயாளி வீட்டில் இரவு விழித்திருப்பவரும் பெரும்பாலும் அவரே. பெருஞ் சபைகளில் பெயர் பெற்ற ஐயர்மாரைப் பற்றி நூல்கள் பல உள. இவ்வுபதேசிமார்களைப் பற்றி எழுதினோர் சிலரே. ஆயினும் அவர்கள் இல்லாவிடில் சபை என்பது சுவரும் கூரையுமாகவே நின்றிருக்கும்.

இனிப் பிடியரிசிக்கு வருவோம். சோற்றுக்கு அரிசியை அளந்து எடுத்தபின், உலையில் இடுமுன், வீட்டுத் தலைவி அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் இடுவாள். அவ்வாரம் முழுதும் சேர்ந்த அரிசி ஆலயத்திற்குச் செல்லும். அங்கே அதனை விற்று வரும் பணத்தை உபதேசியார் சம்பளத்திற்கும், ஏழை எளியோர்க்கும், தொலைவிடத்து ஊழியத்திற்கும் பகிர்வர். கணக்கு எழுதியே காலங்கழிக்கும் என்னைப் போன்றோர்க்கு இம்முறை வியப்பூட்டுவது. நாளொன்றுக்கு இருவேளை எனக் கொண்டால், ஒரு வீட்டுக்கு ஆண்டிற்கு 730 பிடி. கைக்குக் கை பிடி வேறுபடும் என்பது உண்மையே; தணிக்கை அதிகாரி எவரும் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் இதன் சிறப்பு அளவில் இல்லை. ஆண்டிற்கொரு முறை செல்வர் எழுதும் நன்கொடையைச் செல்வர் மட்டுமே எழுத இயலும். பிடியரிசியோ அரிசி இருக்கும் வீடெல்லாம் கொடுக்கத்தக்கது. கொடுப்பவர் ஆண்மக்கள் அல்லர், பெண்மக்கள். தம் பெயரில் ஒரு காசும் இல்லாத மருமகளும் நாள்தோறும் தன் கையால் கொடுப்பவளாகிறாள். அரிசி குறைந்த நாளில் தன் பங்கிலேயே அப்பிடி குறைகிறது என்பதையும் அவள் அறிவாள்.

இவ்வழக்கம் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டத்தை வற்புறுத்தியதை நம்முள் பலர் அறிவோம். வடகிழக்கே மிசோரம் மலைநாட்டுச் சபைகளிலும் 1910 முதல் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் இவ்வாறே ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கப்படுகிறது. அங்கும் அது பெண்களின் பொறுப்பே.

அறுப்பின் பண்டிகை என்பது மற்றொரு வழக்கம். நெல், வாழைத்தார், கருப்பட்டி, கோழி, முட்டை என்று அவரவர் விளைவில் முதற்பங்கை ஆலயத்திற்குக் கொணர்வர். வழிபாடு முடிந்தபின் ஏலம் நடைபெறும். ஒரு பூசணிக்காய் சந்தை விலையினும் பன்மடங்குக்கு ஏலம் போகும். வாங்கியவர் அதனையே மீண்டும் ஏலத்திற்கு விடுவதும் உண்டு! அன்றோ வேறு திருநாளிலோ பெரிய கொப்பரைகளில் சோறு வடித்துச் சபையார் அனைவரும் உண்பது அசனம் எனப்படும். விறகு வெட்டுவோர், காய் நறுக்குவோர், பந்தி விசாரிப்போர் யாவரும் சபையாரே. திருநெல்வேலியார் எந்நாட்டில் இருந்தாலும் அசனத்தைக் குறிப்பிட்டால் முகம் மலர்வர்.

நிற்க. இவ்வளவும் புகழ்ச்சி. பந்தி என்று சொன்ன அளவிலேயே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். கொடுப்பதை நம்மவர் விரைவில் கற்றனர். உடன் அமர்வதை எளிதில் கற்றாரல்லர்.

தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கி, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்த காலந்தொட்டே, தரங்கம்பாடி, தஞ்சை, சென்னைச் சபைகளில் சாதிவாரியாக அமரும் வழக்கம் நிலவியது. திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் பெறுவதிலும் முன்னவர் பின்னவர் என்ற வரிசை இருந்தது. ஒரே உடலின் உறுப்புகள் என்று கூறிக்கொண்டு ஒரே கிண்ணத்தை அணுகத் தயங்கினர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் வில்சன், சபையினுள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்குழப்பம் மூண்டது. பலர் சபையை விட்டே விலகினர். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞருள் தலைசிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். பெரும்புலவர் என்பதற்காக இதனை மறைப்பதில் பயனில்லை. இரேனியஸ் ஐயரோ தம் பள்ளி மாணாக்கர் எல்லோரும் ஓரிடத்தில் உண்ண வேண்டும் என்றார். அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. கத்தோலிக்கர் பக்கமும் நிலை வேறன்று. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், இரு சாதியாரும் ஒருவரையொருவர் காணாது ஒரே பீடத்தை நோக்கித் தொழும்படி, இரு கால்களாய்ப் பிரிந்து, நடுவே சுவர் வைத்துக் கட்டப்பட்டது. அச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இடித்தபின் வழக்கு மன்றம் வரை சென்றனர்.

இத்தகைய ஒளியும் நிழலும் கலந்த சீமையில், வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874 ஆகஸ்டு 17-ஆம் நாள் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தந்தையார் ஊர்க்குருவானவர். அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றி வந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ் இளைஞர்கள் தாமே பணம் திரட்டிக் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்ததை அறிந்தார். சிறு தீவின் ஒரு மூலையில் இருப்போர் இதனைச் செய்யும்போது, ஆயிரக்கணக்கில் பெருகிய நாம் செய்யாதது ஏன் என்ற எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. ஊர் திரும்பினார், நண்பரோடு ஆய்ந்தார். 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. திருநெல்வேலியார் தம் பணத்தில், தம் ஆட்களை, தம் பொறுப்பில் அனுப்புவது என்பதே அதன் திட்டம். இடம் தேடியபோது நிஜாம் நாட்டில் டோர்ணக்கல் பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது. 1905 டிசம்பர் 25-ஆம் நாள் செராம்பூரில் இந்திய நாடு முழுவதற்குமான தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோதும் அசரியா அதன் முன்னணியில் இருந்தார்.

பனங்காட்டுப் பிடியரிசியும் அறுப்பின் காணிக்கையும் தெலுங்கு நாட்டிற்குப் பயணமான வரலாறு இதுவே. செல்லும் ஊழியன் முதலில் தெலுங்கு கற்க வேண்டும், உணவு மாறும், உறவினர் முகம் காண ஆண்டுகள் ஆகும். புலம்பெயர்ந்து வந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரே ஒரு வேறுபாடு: நாம் சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறோம், அவர்கட்கோ ஊர்மக்கள் சம்பளம் அனுப்பினர். 1909-இல் அசரியாவே வாலிபர் சங்கப் பதவியை விட்டுக் குருப்பட்டம் பெற்று டோர்ணக்கலுக்குக் குடும்பத்தோடு சென்றார். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் நகரில் இருத்தல் தகாது என்பது அவர் கருத்து. தெலுங்கை முயன்று கற்று, அம்மொழியிலேயே போதிக்கலானார்.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. வந்திருந்தோரில் மிகப் பெரும்பாலோர் மேனாட்டார். ஆசியர் மிகச் சிலர். அங்கே அசரியா எழுந்து, வெள்ளையரான ஊழியர்க்கும் இந்திய ஊழியர்க்கும் இடையே அன்பான பழக்கமில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அவர்தம் ஈகையையும் உழைப்பையும் நன்றியோடு பாராட்டியபின், எங்களுக்குத் தேவையானது உங்கள் நட்பு என்று முடித்தார். அவையில் பலர் முகஞ்சுளித்தனர் என்பர். அதுவும் பந்தியைப் பற்றிய பேச்சே அல்லவா! தஞ்சையில் ஒரு சாதியார் மற்றொரு சாதியாரை எவ்வாறு நடத்தினரோ, அவ்வாறே பங்களாவில் துரை தம் உடனூழியரை நடத்தினார்.

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அசரியா டோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி ஏற்ற முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவர்க்குக் கீழ் ஆங்கிலேயர் பணி செய்வதோ என்று முணுமுணுத்தோர் பலர். இந்தியருள்ளும் ஐயுற்றோர் உண்டு. சென்னை அத்தியட்சர் வொயிட்ஹெட் துணை நின்றதால் தடைகள் நீங்கின.

அவர் சபையாருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட உழைப்பாளிகள். நிஜாம் நாட்டில் அவர்கள் ஊதியமின்றி வெட்டி வேலை செய்யக் கட்டுண்டவர்கள். பகலெல்லாம் வயலில் இருப்போர்க்குப் பகலில் வழிபாடு ஏது? ஆகவே சேரியில் இரவு உணவிற்குப்பின் உபதேசியார் விளக்கேற்றி, மக்களைக் கூட்டிச் செபமும் பாடமும் நடத்தினார். திருநெல்வேலியின் மாலை மணியே இங்கு இரவு விளக்காயிற்று எனின் மிகையாகாது. கதைகளையும் கட்டளைகளையும் தெலுங்குப் பாட்டாக்கித் தாளம் மத்தளத்தோடு பயிற்றினர். எழுதப் படிக்க அறியாதாரும் பாட்டின் வழியே பலவற்றை மனத்தில் இருத்தினர்.

அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று அசரியா அழைத்தார். ஒரு சிற்றூர்ச் சபை வளர்ந்ததா என்பதை ஆட்தொகையால் மட்டும் அறிய அவர் விரும்பவில்லை. இப்பேய்கள் அகன்றனவா என்று பார்த்தார். ஒவ்வொருவரும் தம் தலைமேல் தாமே கைவைத்து, பெற்ற நற்செய்தியைப் பிறர்க்கு அறிவியாவிடில் எனக்குக் கேடு என்று உறுதிமொழி கூறும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். ஆண்டிற்கொரு முறை சாட்சி வாரம் என்று வகுத்து, சாதாரணக் கூலியாட்களும் அண்டை ஊர்களுக்குச் சென்று பேசச் செய்தார். ஏழைகள் என்பதற்காக அவர்களைக் காணிக்கையினின்று விலக்கவும் இல்லை. பெறுவதற்கு மட்டுமே பழகியவன் நிமிர்ந்து நில்லான் என்பதனால், தானியமாகவோ கோழியாகவோ முட்டையாகவோ அவர்களும் கொடுக்க வேண்டும் என்றார். திருநெல்வேலிப் பெண்கள் அவர்க்குக் கற்பித்த பாடம் இதுவென்றே எண்ணுகிறேன்.

மாலரும் மாதிகரும் ஊராரால் ஒருங்கே ஒதுக்கப்பட்டவர்கள். எனினும் தம்முள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணார். ஒரே கிணற்றில் நீர் எடார். ஒரு பகுதியார் சபையில் சேர்ந்தால் மறுபகுதியார் வர மறுப்பதும் உண்டு. விடுதிப் பள்ளிகளில் இருபாலார் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்டு ஒரே கூரைக்கீழ் உறங்கினர். அங்கிருந்தே உபதேசிமாரும் குருமாரும் வந்தனர். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தை எல்லாரும் பெற்றனர். எனினும் மணவுறவில் பழைய வரப்பு எளிதில் அழியவில்லை; தனித்தனிச் சேரிகளும் ஒன்றாகிவிடவில்லை. ஆயினும் கண்ணெதிரே தம் பண்ணையாட்கள் குடியை விட்டு, கடன் அடைத்து, எழுத்துக் கற்று நிமிர்ந்ததைக் கண்ட பிற சாதி உழவர் குடும்பங்கள் சிலவும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சபையை நாடி வந்தன. யார் நிழலைத் தீட்டென்று கருதினரோ அவர்களிடமே பாடம் கேட்க வந்தமர்ந்தனர். இம்மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அவ்வழக்கை ஈண்டுத் தீர்த்தல் நம் மலரின் வேலையன்று.

அசரியாவின் துணைவியார் அன்பு மாரியம்மாளைப் பற்றியும் ஒரு சொல். 1898-இல் மணம் நிகழ்ந்தது. அக்காலத்திலேயே கல்லூரிப் படிப்பு வரை எட்டிய தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் மிகச் சிலருள் அவர் ஒருவர். தெலுங்குச் சேரிப் பெண்களிடையே மாதர் கூட்டங்களை நடத்துவதில் முன்னின்றார். அத்தியட்சர் பெயர் எழுதப்படும் இடங்களில் அவர் பெயரும் எழுதப்பட வேண்டும்.

1939 ஜனவரி 6-ஆம் நாள் டோர்ணக்கல் பேராலயம் திறக்கப்பட்டது. கட்டி முடிக்க ஏறக்குறையக் கால் நூற்றாண்டாயிற்று. கோயில் மண்டபத் தூண்களையும், பள்ளிவாசலின் கவிகை மாடங்களையும் ஒத்த உறுப்புகள் அதில் கலந்துள்ளன. மேனாட்டு ஊசிக்கோபுரம் இல்லை. கிருஷ்ணா மாவட்டத்துப் பழைய சபைகள் பலவும் இடையில் இணைந்தமையால், அவர் மண்டலத்து மக்கள் தொகை அவரது இறுதிக் காலத்தில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இன்னும் ஒரு பந்தி எஞ்சியிருந்தது. சாதிப் பிரிவுகளைக் கடக்கப் போராடிய சிற்றூரானிடம், நீ ஆங்கிலிக்கன், அண்டையூரான் மெதடிஸ்டு, அவனோடு நீ திருவிருந்து கொள்ளலாகாது என்று எவ்வாறு கூறுவது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்த சண்டைகளைத் தெலுங்குச் சேரியில் நட்டு வளர்ப்பது அசரியாவுக்குப் பொறுக்கவில்லை. 1919 மே மாதத்தில், தமிழ்ச் சபை தொடங்கிய அதே தரங்கம்பாடியில், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த குருமார் 33 பேர் கூடினர். இருவர் நீங்க ஏனையோர் இந்தியர், தலைமை அசரியா. சபைகள் ஒன்றாதல் வேண்டும் என்று அங்கே வெளியிட்ட அறிக்கையின்மேல் இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சு நடந்தது. குழு கூடும், கலையும், ஒரு சொல்லுக்காக ஓராண்டு கழியும். நம் இலாகாக் கோப்புகளே பரவாயில்லை என்று தோன்றும்.

1945 ஜனவரி முதல் நாள் அசரியா டோர்ணக்கலில் காலமானார். பேராலயத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கழிந்தபின், சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டுகளும், முன்னரே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியரும் சபைச் சுதந்தரத்தாரும் அன்று ஒரே திருச்சபையாய் ஒரே பீடத்தின் முன் திருவிருந்து பெற்றனர். டோர்ணக்கலும் திருநெல்வேலியும் அத்திருச்சபையின் மண்டலங்களாயின.